மனுவின் ஏழாவது பத்தி

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து பதினொரு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவள் செண்பகவல்லி. என் கையில் நரம்பு கிடைப்பது கஷ்டம். ஆஸ்பத்திரிகளில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிக் குத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் புறங்கையில் எடுப்பார்கள். செண்பகவல்லி ரப்பரைக் கட்டி, இரண்டு விரலால் ஒரு தடவு தடவுவாள். ஊசி போனது தெரியாது.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் அவள் என்னை இரண்டு தடவை குத்தினாள். இரண்டும் தவறின. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னிக்கு என் கை சரியில்ல. நாளைக்கு வாறேன். மன்னிச்சுக்கிடுங்க" என்றாள்.

என் மனைவி உமாராணி அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். செண்பகவல்லி காபியைத் தொடாமல் பையிலிருந்து நீளமான ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் காகிதங்களோடு மல்லுக்கட்டியவன்.

"நேத்து சாயங்காலம் கோர்ட்டுல இருந்து வந்துச்சு. நான் படிச்சது சரிதானான்னு பாத்துச் சொல்லுங்க."

அவள் கணவன் காமராஜ் விவாகரத்து கேட்டுப் போட்டிருந்த மனு. மனைவி தன்னைக் கொடுமைப்படுத்துகிறாள் என்று காரணம் சொல்லியிருந்தான். நான்காவது பத்தியில், விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பி அந்நிய ஆண்களின் வீடுகளுக்குப் போகிறாள் என்று இருந்தது. அந்த அந்நிய ஆண்களில் ஒருவனான நான் அப்போது பஞ்சை முழங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது பத்திக்கு வந்தபோது எனக்கே எழுத்து மங்கியது. 'எதிர்மனுதாரர், மனுதாரரின் தாயார் பாலம்மாள் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில், அவருக்கு உரிய நேரத்தில் உணவு வழங்காமல் பட்டினி போட்டும், மருந்து கொடுக்காமல் அலட்சியம் செய்தும் வந்துள்ளார்.'

"சரியாத்தான் படிச்சிருக்கம்மா," என்றேன்.

"அப்ப சரி," என்று சொல்லி எழுந்தாள். "அடுத்த தெருவுல ஒரு ஆச்சி வெறும் வயித்தோட காத்துக்கிட்டு இருப்பாவ."

அவர்கள் வீடும் எங்கள் வீடும் குத்துக்கல்வலசையில் அடுத்தடுத்த தெரு. பாலம்மாளை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

செண்பகவல்லி பிறந்தது ஆய்க்குடியில். அப்பா மில்லில் வாட்ச்மேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் திருநெல்வேலியில் லேப் டெக்னீஷியன் படிப்பைப் படித்துவிட்டுத் தென்காசியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். இருபத்தைந்து வயதில் கல்யாணம். காமராஜ் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் வியாபாரி. செங்கோட்டை வழியாகப் புனலூருக்கு லோடு அனுப்புகிறவன். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. கேலியாகப் பேசுவான், எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டு கரு கலைந்த பிறகு குழந்தை விஷயத்தை இருவருமே விட்டுவிட்டார்கள். அதற்காக அவன் அவளைக் குறை சொன்னதில்லை என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். கோர்ட் வரை போன பிறகும் அவனைப் பற்றி இல்லாத ஒன்றைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மாமியார் பாலம்மாள் வாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்தாள். செண்பகவல்லி நாலு மணிக்கு எழுந்து, அவளைத் துடைத்து, துணி மாற்றி, இன்சுலின் போட்டு, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டிவிட்டு ஐந்தேகாலுக்கு ஸ்கூட்டரை எடுப்பாள். பத்து மணிக்கு ஒரு தடவை லேபிலிருந்து ஓடி வந்து புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவாள். முதுகில் ஒரு புண் இல்லாமல் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

அது நடந்து மூன்று வருடம் கழித்து, போன ஆவணியில், காமராஜ் இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினான். "எனக்கு ஒத்து வரல" என்று மட்டும் சொன்னான். செங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் சுஜிதா என்ற பெண்ணோடு இருக்கிறான் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது.

போனதை அவள் தாங்கிக்கொண்டாள். அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், நாலாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். மனு வந்த பிறகுதான் வேறு ஆளாக ஆனாள். மனுவில் இருந்தது மனுவோடு நிற்கவில்லை. மார்க்கெட்டில் பேச்சானது, அங்கிருந்து ஊருக்குள் வந்தது. படுத்துக் கிடந்த மாமியாரைப் பட்டினி போட்டவளாம் என்றார்கள். வழக்கமாகக் கூப்பிடும் மூன்று வீட்டுக்காரர்கள் லேபுக்கு போன் பண்ணி, வேறு ஆளை அனுப்பச் சொன்னார்கள்.

அவளுடைய அண்ணன் பாண்டியராஜ் சுரண்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் வந்து உட்கார்ந்து பேசியபோது நானும் இருந்தேன்.

"ஏட்டி, கையெழுத்தப் போட்டுட்டு விட்டுத் தள்ளு. போனவன் போறான். கோர்ட்டு கேசுன்னு அலைஞ்சா நம்ம வீட்டுப் பேருதான் கெடும்."

"கையெழுத்துப் போட்டா ஏழாவது பத்தி உண்மைன்னு ஆயிடும்லா அண்ணே?"

"யாருட்டி அதைப் படிக்கப் போறா?"

"நான் படிச்சிட்டேம்லா."

பாண்டியராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன் பிறகு இரண்டு மாதம் தங்கையிடம் பேசவில்லை.

செண்பகவல்லி முதலில் பார்த்த வக்கீல் வயதானவர், நல்ல பெயர் உள்ளவர். அவர் விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, வரதட்சணைக் கொடுமை என்று மகளிர் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்தால் காமராஜ் தானாக வழிக்கு வருவான் என்றார்.

"அவிய வரதட்சணை கேக்கலையே சார்."

"கேட்டதா எழுதிக்கலாம்மா. எல்லாரும் செய்யறதுதான்."

"இல்லாததை எழுதிட்டாவன்னுதான் சார் நான் உங்ககிட்ட வந்தேன். நானும் அதையே செஞ்சா எப்படி?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, புருஷன் இன்னொருத்தியோடு போனதற்கு இந்த நாட்டில் இப்போது தண்டனை இல்லை, அது குற்றமே இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, வேண்டுமானால் விவாகரத்தை எதிர்த்து ஜீவனாம்சம் கேட்கலாம் என்றார். ஜீவனாம்சம் அவளுக்குத் தேவைப்படவில்லை. சம்பாதிக்கிறாள்.

அவள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு கல்யாணத்தை ஒருவர் உடைத்துவிட்டுப் பழியை மற்றவர் தலையில் போட்டால், அந்த மற்றவர் நேராக வந்து, 'எனக்கு நஷ்டம் செய்துவிட்டார்கள்' என்று கேட்க ஒரு வழி உண்டா, இல்லையா? மூன்று வக்கீல்கள் இல்லை என்றார்கள். நான்காவதாகப் பார்த்தது சஃப்ரின் என்ற பெண்ணை. கடையநல்லூர்க்காரி. தென்காசியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ மாடியில் அலுவலகம். வக்கீலாகி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

"இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதுக்கா," என்றாள் சஃப்ரின். "டெல்லியில ஒரு மனைவி, தன் கணவரோட பழகின பெண் மேல நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு போட்டிருக்காங்க. இப்படி ஒரு வழக்கு போடலாம்னு சொல்லி ஹைகோர்ட் அந்தப் பெண்ணுக்கு சம்மன் அனுப்பியிருக்கு. தீர்ப்பு வரல. இதுக்குன்னு தனியா ஒரு சட்டம் நம்ம நாட்டுல கிடையாது. வெளிநாட்டுலயே பல இடத்துல இந்த மாதிரி வழக்கே வேணாம்னு எடுத்துட்டாங்க. தோத்துப் போக நிறைய வாய்ப்பு இருக்கு."

"தோத்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ஊர் சிரிக்கும்."

"அது இப்பமே சிரிக்குது. எழுதுங்க."

பிராது எழுதப் பதினேழு நாள் ஆனது. சுஜிதா முதல் பிரதிவாதி, காமராஜ் இரண்டாவது பிரதிவாதி. சஃப்ரின் ஒரு வரியைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் செண்பகவல்லி அதை அடித்துவிடுவாள். 'கணவர் தினமும் அன்போடு நடந்துகொண்டார்' என்று இருந்ததை, 'பெரும்பாலும்' என்று மாற்றச் சொன்னாள். 'என் வாழ்க்கையே அழிந்துவிட்டது' என்ற வரியை முழுதாக எடுக்கச் சொன்னாள். "அழியலையே, வேலைக்குப் போயிட்டுத்தான இருக்கேன்?"

பிராது கோர்ட் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டிருந்தார்கள். பதில் எழுதித் திரும்பத் தாக்கல் செய்தார்கள். மறுபடியும் திரும்பியது. மூன்றாவது தடவை, இந்த வழக்கை ஏற்கலாமா என்பதையே நீதிபதி முன்னால் வாதாடச் சொன்னார்கள். தை மாதம் கடைசி வாரம். நானும் உமாராணியும் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம்.

சஃப்ரின் பேசி முடித்ததும் நீதிபதி செண்பகவல்லியைப் பார்த்து, "அம்மா, ஒருவர் மனதில் இருந்த அன்பு போய்விட்டது என்பதற்கு நீதிமன்றம் என்ன செய்ய முடியும்? அதை நாங்கள் எதை வைத்து அளப்பது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

செண்பகவல்லி கூண்டில் ஏறவில்லை. சஃப்ரின் பக்கத்திலேயே எழுந்து நின்றாள்.

"அய்யா, அன்பை அளக்கச் சொல்லலை. திரும்ப வாங்கித் தாங்கன்னும் கேக்கலை. பதினாறு வருசம் ஒரு வீட்டை ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துனோம். அது யாரால நின்னுச்சுன்னு ஒரு கோர்ட்டு விசாரிச்சு எழுதணும்னு கேக்கேன். ஒரு வண்டி இன்னொரு வண்டியில மோதுனா யார் மேல தப்புன்னு எழுதுதீங்கள்லா? அந்த மாதிரி எழுதுங்க. என் மேல தப்புன்னா அப்படியும் எழுதுங்க."

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். வழக்கு நிலைக்குமா என்பதை விசாரணையின்போது முடிவு செய்துகொள்ளலாம், இப்போதைக்கு வழக்கு எண் கொடுத்து சம்மன் அனுப்பலாம் என்றார். வெளியே வந்ததும் சஃப்ரின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செண்பகவல்லி போய் இரண்டு டீ வாங்கி வந்தாள்.

அதற்கு அப்புறம் நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். செண்பகவல்லி வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக வந்தாள். முப்பத்து மூன்று வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கையில் போனைத் தவிர வேறொன்றும் இல்லை.

"சேச்சி, நான் சுஜிதா."

செண்பகவல்லி குழாயை மூடினாள். "உள்ள வா" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை. சுஜிதாவே பேசினாள். அவள் அம்மா புனலூர்க்காரி; பேச்சில் மலையாளச் சாயல் உண்டு.

"சம்மன் கடைக்கு வந்துச்சு. கஸ்டமர் நிக்கச்சில கொண்டாந்து கையில கொடுத்தாங்க. முதலாளி இனி வரண்டாம்னு சொல்லிட்டாரு. நான் உங்ககிட்டேருந்து என்னத்தைத் திருடினேன் சேச்சி? அவரு ஆடா, மாடா, நான் கயித்தைப் பிடிச்சு ஓட்டிட்டு வாறதுக்கு?"

"கல்யாணம் ஆன ஆளுன்னு தெரியாதா உனக்கு?"

"டைவர்ஸ் ஆயிட்டுன்னு சொன்னாரு. பழக ஆரம்பிச்சப்பவே, ஆகி ரெண்டு வருசம் ஆச்சுன்னாரு. கோர்ட்டு முத்திரை வெச்ச ஒரு பேப்பரும் காட்டினாரு. எனக்கு அதெல்லாம் வாசிச்சா விளங்காது. வெறுதே தலையாட்டினேன்."

செண்பகவல்லி நம்பவில்லை. சுஜிதா போனை நீட்டினாள். காமராஜ் அனுப்பிய குரல் செய்திகள். ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். அதில் ஒன்று, பாலம்மாளின் முதல் வருடத் திதி முடிந்த மறுநாள் அனுப்பியது.

"எங்கம்மா நிம்மதியாப் போனா சுஜி. டைவர்ஸ் ஆனப் பொறவும் செம்பகம் வந்து வந்து பாத்துக்கிட்டா. சும்மா சொல்லக் கூடாது, பெத்த மக கூட அப்படிப் பாத்துக்கிட மாட்டா. கரண்டியால ஊட்டி விட்டா. அவ நல்லவதான். எனக்கும் அவளுக்கும்தான் ஒத்து வரல."

செண்பகவல்லி அதை நான்கு தடவை கேட்டாள். பொய்யும் உண்மையும் ஒரே மூச்சில் இருந்தன என்று பின்னால் என்னிடம் சொன்னாள். அவன் வீட்டை விட்டுப் போன அன்றுகூட அவள் இவ்வளவு அழவில்லை. ஈரக் கையோடு வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். சுஜிதா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, அவள் காலடியில் இருந்த தண்ணீர் வாளியை நகர்த்தி வைத்தாள்.

"நீ இப்பம் அவியளோடதான் இருக்கியா?"

"இருக்கேன். இருக்கணுமா வேண்டாமான்னு எனக்கே தெரியல சேச்சி. சம்மனைப் படிச்சுக் காட்டின பொறவுதான் டைவர்சே ஆகலைன்னு தெரிஞ்சது. கேட்டா, உனக்காகத்தான் பொய் சொன்னேங்காரு."

"இதை எனக்கு அனுப்புவியா?"

சுஜிதா யோசித்தாள். அவனோடு இன்னும் ஒரே வீட்டில் இருப்பவள். யோசித்துவிட்டு அங்கேயே நின்று அனுப்பினாள்.

மறுநாள் செண்பகவல்லி சஃப்ரின் அலுவலகத்துக்குப் போய், முதல் பிரதிவாதியின் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். சஃப்ரின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, வழக்கே அதை வெச்சுத்தான் நிக்குது. மூணாவது ஆள் வந்து உடைச்சாங்கங்கறதுதான் டெல்லி கேஸ். புருஷன் மேல மட்டும் இந்த மாதிரி நஷ்டஈடு கேட்டா, நமக்குப் பிடிச்சுக்க ஒரு கொடி கூட கிடையாது."

"அவ எனக்கு என்ன வாக்குக் கொடுத்தா சஃப்ரின்? தாலி கட்டுனது அவியல்லா. அவ மேல கேஸ் போட்டு அவ வேலையைப் போக்கிட்டேன். அது என் தப்பு. அவியளை நான் ஏதோ என் வீட்டுப் பீரோ மாதிரி, எவளோ தூக்கிட்டுப் போயிட்டா மாதிரி எழுதியிருக்கோம். நடந்தது அது இல்ல. அவியளே நடந்து போனாவ. போனதுக்குக் கூட நான் கேக்கலை. போறதுக்குப் பொய்யால ஒரு பாதை போட்டாவ பாரு, அதுக்குக் கேக்கேன்."

"தோத்துருவோம்க்கா."

"மொத நாளே சொல்லிட்டீங்க."

செண்பகவல்லி அந்த ஜவுளிக்கடைக்கும் போனாள். முதலாளியைப் பார்த்து, வழக்கிலிருந்து அந்தப் பெண்ணை நீக்கியாயிற்று, அவள் ஏமாற்றப்பட்டவள் என்று சொன்னாள். முதலாளி தலையாட்டினார். ஆனால் வேறு ஆளை வேலைக்கு எடுத்தாகிவிட்டது என்றார். சுஜிதாவுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. செண்பகவல்லி செய்ததில் சரி செய்ய முடியாமல் போனது அது ஒன்றுதான் என்று அவளே சொல்வாள்.

திருத்திய பிராதுக்குக் காமராஜ் பதில் போட்டான். மனைவி கணவன் மேல் இப்படி வழக்குத் தொடரச் சட்டத்தில் இடமே இல்லை, தள்ளுபடி செய்ய வேண்டும் என்று. அவனுடைய விவாகரத்து மனுவும் இவளுடைய வழக்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்ததால், முதலில் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று இரண்டையும் அங்கே அனுப்பினார்கள். இரண்டு வாய்தா காமராஜ் வரவில்லை. மூன்றாவது தடவை, ஆனி மாதக் கடைசியில், வந்தான். அன்று தென்காசி முழுக்கச் சாரல். குடையை மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தவன், இளைத்துப் போயிருந்தான்.

ஒரு நீள மேசை. தலைமாட்டில் சமரசம் பேசும் வக்கீலம்மா. இந்தப் பக்கம் செண்பகவல்லியும் சஃப்ரினும், அந்தப் பக்கம் அவனும் அவனுடைய வக்கீலும். அங்கே நடந்ததைச் செண்பகவல்லி சொல்லி நான் கேட்டது.

காமராஜ்தான் முதலில் ஆரம்பித்தான். "உனக்கு என்ன வேணும்னு சொல்லு. வீடா? எடுத்துக்க. என்னைய ஏன் கோர்ட்டு கோர்ட்டா இழுக்க?"

"மொத இழுத்தது நீங்க. ஏழாவது பத்தியில அத்தையைப் பட்டினி போட்டேன்னு எழுதுனீய."

"அது வக்கீல் எழுதுனது. அப்படி எழுதுனாத்தான் சீக்கிரம் கெடைக்கும்னாவ."

அவனுடைய வக்கீல் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க படிச்சிட்டுத்தான கையெழுத்துப் போட்டீய?"

செண்பகவல்லி போனை மேசையில் வைத்தாள். அவன் குரல் அந்த அறையில் கேட்டது. 'பெத்த மக கூட அப்படிப் பாத்துக்கிட மாட்டா. கரண்டியால ஊட்டி விட்டா.'

காமராஜ் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். "சுஜி கொடுத்தாளா?"

"யாரு கொடுத்தா என்ன? பேசுனது நீங்க."

"உங்கிட்டப் பிடிக்கலன்னு சொல்ல எனக்கு ஒரு காரணம் இல்ல செம்பகம்," என்றான் காமராஜ். "அதான். காரணம் இருந்தா நேராச் சொல்லியிருப்பேன். இல்லாததால எழுத வேண்டியதாப் போச்சு."

"காரணம் இல்லாமலே போயிருக்கலாமே. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருந்தா நான் அழுதுட்டு விட்டிருப்பேன். நான் ஒங்களைக் கட்டிப் போடவா கேட்டேன்?"

அதன் பிறகு பேச்சு நீளவில்லை. மூன்று விஷயங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். விவாகரத்து மனுவைக் காமராஜ் திரும்பப் பெறுவது. இருவரும் சேர்ந்து பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கேட்பது. வீட்டில் அவனுக்கு உள்ள பங்கை அவள் பெயருக்கு எழுதிக் கொடுப்பது. வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று சஃப்ரினுக்குப் பயம். "வேண்டாம்னு ஏன் சொல்லணும்? கல்லு மண்ணு சுமந்தது நானுந்தான்," என்றாள் செண்பகவல்லி.

இவை போக ஒரு வாக்குமூலம். அதை வக்கீல்கள் எழுத அவள் விடவில்லை. காமராஜே அவன் கைப்பட எழுத வேண்டும் என்றாள். அவன் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு எழுதினான். 'என் தாயார் பாலம்மாளை என் மனைவி செண்பகவல்லி இரண்டு வருடம் குறை வைக்காமல் பார்த்துக்கொண்டாள். அவள் நடத்தை பற்றி மனுவில் சொன்னது எல்லாம் பொய். கல்யாணம் முறிந்தது என்னால். வேறு வாழ்க்கை வேண்டும் என்று நான் போனேன். அதை மறைக்க இப்படிச் சொன்னேன்.' எழுதும்போது நடுவில் ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். அதைப் பார்க்கும்போது பாவமாக இருந்தது என்றாள். பாவமாக இருந்தாலும், 'பார்த்துக்கொண்டாள்' என்ற இடத்தில் 'பார்த்துக்கொண்டார்' என்று திருத்தச் சொன்னாள். திருத்தினான்.

அவள் வழக்கைத் திரும்பப் பெற்றாள்.

சஃப்ரினுக்கு அதில் மனக்குறைதான். இப்படி ஒரு வழக்குத் தொடரலாமா கூடாதா என்று ஒரு தீர்ப்பு வந்திருக்க வேண்டும், நம் ஊரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கேள்வி அப்படியே நின்றுவிட்டது. சமரசம் முடிந்த அன்று சாயங்காலம் அவளும் செண்பகவல்லியும் ஸ்கூட்டரில் குற்றாலம் போனார்கள். மெயின் அருவியில் தண்ணீர் வரத்து அதிகம் என்று போலீஸ் கயிறு கட்டி யாரையும் விடவில்லை. சாரலில் நனைந்துகொண்டு பாலத்துப் பக்கம் நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

வாக்குமூலத்தின் நகல் ஒன்றைச் செண்பகவல்லி சுரண்டைக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தாள். பாண்டியராஜ் கடையில் ஆள் நின்றுகொண்டிருக்கும்போதே படித்தார். மறுநாள் விடிகாலையில் பஸ் ஏறிப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். லோடு இறங்கும் நேரம். கமிஷன் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, அந்தத் தாளை அவர்கள் கையில் கொடுத்துப் படிக்கவைத்திருக்கிறார். வாசிக்கத் தெரியாத சுமைதூக்கும் ஆட்களுக்கு அவரே சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். செண்பகவல்லி அதைச் செய்யச் சொல்லவில்லை. தெரிந்ததும் அவரோடு சண்டை போட்டாள். "கோர்ட்டுல இருந்தாப் போதும்னு நெனச்சேன் அண்ணே, அவியளை ஊருக்குள்ள தலை குனிய வைக்கணும்னு இல்ல" என்றாள். அவர், "உனக்குப் போதும். எனக்குப் போதாது" என்றார்.

சுஜிதா இப்போது புனலூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். காமராஜும் அங்கே போகிறான் என்றும் சொல்கிறார்கள், போகவில்லை என்றும் சொல்கிறார்கள். செண்பகவல்லியிடம் கேட்டேன். "விசாரிச்சுக்கிடலை அண்ணாச்சி," என்றாள்.

போன வாரம் சஃப்ரின் எங்கள் தெருவுக்கு வந்திருந்தாள். ஒரு புதுக் கட்சிக்காரர் வந்திருக்கிறாராம், அச்சன்புதூர்ப் பக்கம் டெம்போ ஓட்டுகிறவர். மனைவி விட்டுப் போய்விட்டாள். மனைவியின் மனதைக் கலைத்த ஆள் மேல் வழக்குப் போட வேண்டும் என்கிறாராம். செண்பகவல்லி வழக்கைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். எடுக்கலாமா வேண்டாமா என்று சஃப்ரினுக்குக் குழப்பம். எங்கள் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து, எனக்கு ரத்தம் எடுக்க வந்திருந்த செண்பகவல்லியிடம் கேட்டாள்.

"போடக் கூடாதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள் செண்பகவல்லி. "அந்த மனுசனுக்கும் வலிக்கும்லா. ஆனா ரெண்டு விசயம் கேட்டுக்க. பொண்டாட்டிகிட்ட அவர் நேராப் பேசுனாரான்னு கேளு. அவளைத் திரும்பக் கூட்டியாரதுக்குக் கேசு போடுதாரான்னு கேளு. அதுக்குன்னா வேண்டாம்னு சொல்லிரு. கோர்ட்டு எழுதிக் கொடுத்து எந்தப் பொம்பளையும், எந்த ஆம்பளையும் திரும்பி வர மாட்டாவ."

"நடந்தது என்னன்னு எழுதணும்னு சொன்னா?"

"எடு. எடுத்து, அவர் தப்பு என்ன உண்டோ அதையும் சேர்த்து எழுதச் சொல்லு. ஒரு வரி கூட்டி எழுதாத."

சஃப்ரின் நோட்டில் குறித்துக்கொண்டாள்.